வளையம் வைத்த வெள்ளிக்காசு

வளையம் பற்றவைத்த பழைய வெள்ளிக்காசை நாணய வியாபாரியிடம் நீட்டினால் அவர் எடைக்குத்தான் விலை பேசுவார். ஓட்டை போட்டது, விளிம்பில் கொக்கி வைத்தது, ஒரு பக்கத்தைத் தேய்த்து எழுத்து வெட்டியது எல்லாமே அவர் கணக்கில் ஊனம். கெடாவின் பாடாங் மேஹா, பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களில் பாட்டியின் பெட்டியில் இப்படியொரு காசு கிடந்தால், வியாபாரியின் கண்ணால் அதைப் பார்க்காதீர்கள். ஒருவர் இன்னொருவருக்காகக் கைவைத்த காசு அது. கைவைத்த இடத்தில்தான் பார்க்க வேண்டியது இருக்கிறது.

உலகில் இதற்குப் பெரிய சேகரிப்பாளர் கூட்டமே உண்டு. 1797இல் இங்கிலாந்து அடித்த கனத்த செப்புப் பென்னியை இருபுறமும் வழவழவென்று தேய்த்து, ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதிகள் தங்கள் பெயரையும் பிரிவுச் சொல்லையும் அதில் குத்தி, மனைவிக்கோ தாய்க்கோ விட்டுச் சென்றார்கள். கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகம் அவற்றில் முந்நூறுக்கு மேல் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டைம் என்னும் சின்ன வெள்ளிக்காசின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து, காதலியின் முதலெழுத்துகளைக் கொடிபோலப் பின்னிக் கொடுத்தார்கள்.

நம்மவர்கள் பெயரைச் சீர்ப் பாத்திரத்தில் வெட்டினார்கள். காசுக்கு வளையம் வைத்தார்கள். தாலிக்கயிற்றில் தாலிக்கு இருபுறமும் கோக்கவும், வசதி இருந்தால் காசுமாலையாகச் சேர்க்கவும் அதுவே வழி. பெயர் இல்லாததால் அன்பும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1920களின் இறுதியில் கூட்டு மலாய் மாநிலங்களின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு வகுத்த நாட்கூலி ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது. கெடா தனி மாநிலம் என்றாலும் பால்வெட்டுக் கூலியின் அளவை இதிலிருந்து ஊகிக்கலாம். நூறு காசு கொண்ட ஒரு வெள்ளி என்பது அவனுக்கு இரண்டு நாள் வேலை, அவளுக்கு இரண்டரை நாள். அதைச் செலவழிக்காமல் ஆசாரியிடம் கொண்டுபோய், அவருக்கும் கூலி கொடுத்து, இனி ஒருபோதும் செலவழிக்க முடியாதபடி ஆக்கியிருக்கிறார்கள்.

காசு கைக்கு வந்ததும் முதலில் எடை போடுங்கள். எட்வர்ட் மன்னர் தலை பதித்த 1903, 1904ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற வெள்ளி 26.95 கிராம். வெள்ளி உலோகத்தின் விலை ஏறியதும் அரசு பெரிய காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கி, 1907இல் ஏறக்குறைய 20.2 கிராமில் சிறிதாக அடித்தது. 1919, 1920ஆம் ஆண்டு ஜார்ஜ் மன்னர் காசில் பாதிதான் வெள்ளி, எடையும் 17 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இவற்றில் வளையம் வைத்த 1903ஆம் ஆண்டுக் காசுதான் எனக்கு மிகவும் பிடிக்கும். தோழர்களெல்லாம் உலைக்குப் போனபோது, ஒரு பெண்ணின் கழுத்தில் இருந்ததால் தப்பிய காசாக அது இருக்கலாம். விக்டோரியா தலை போட்ட இந்திய ரூபாயாக இருந்தால் எடை 11.66 கிராம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியவர்களின் முடிச்சில் வந்ததாக இருக்கக்கூடும்.

அடுத்து வளையத்தைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். மன்னர் தலை நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா? நேராக நின்றால் ஆசாரி இடம் பார்த்துப் பற்றவைத்திருக்கிறார். எந்தப் பக்கம் வெளியே தெரிந்தது என்பதைத் தேய்மானம் சொல்லும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் மழுங்கியிருந்தால், பெரும்பாலும் அதுதான் உடம்பிலும் துணியிலும் உரசிய பக்கம். எழுத்துக் குழிகளில் மங்கலான மஞ்சள் ஒட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் தேடுங்கள். இருந்தால் அது தாலிக்கயிற்றோடு மஞ்சள் பூசிக் குளித்த காசாக இருக்கலாம். நான் இதைவிட உயர்ந்த அடையாளம் ஒன்றைக் கண்டதில்லை.

பெயரோ முதலெழுத்தோ வெட்டிய காசு அபூர்வமாகக் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். கையால் வெட்டிய கோடு மெல்லியதாகத் தொடங்கி நடுவில் பருத்து முனையில் கூராகும். இயந்திரக் கோடு ஒரே அகலம். பழைய கீறல்கள் எழுத்தின் மேல் ஏறிப் போனால் எழுத்து கீறலுக்கு மூத்தது. எழுத்து கீறலை வெட்டிக்கொண்டு போனால், விற்பதற்காகப் பின்னாளில் யாரோ வெட்டியதாக இருக்கலாம். பிரிட்டானியா நிற்கும் 1895 முதல் 1935 வரையிலான வணிக வெள்ளிகளில் போலி மலிந்து கிடக்கிறது. காந்தம் இழுத்தாலோ, எடை வளையத்தைக் கழித்தும் 26.95 கிராமிலிருந்து நன்றாக விலகினாலோ விட்டுவிடுங்கள்.

முழுக் காசுமாலை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பஞ்ச காலத்தில் அடகுக் கடைக்குப் போனது போக, 1943இல் நேதாஜி வந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு நிதி கேட்டபோது மலாயாப் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமானதும், மிச்சம் வைத்திருந்த வெள்ளியும் பலருக்கு அரிசியாக மாறியிருக்கும். அதனால் ஒற்றைக் காசுகளைத்தான் தேட வேண்டும். ஜோடியில் ஒன்று தொலைந்து மற்றது இருந்தாலும் போதும்.

புளி, எலுமிச்சை, பல்பொடி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு போகும்போது மஞ்சளும் போய்விடும். வளையம் தளர்ந்திருந்தால் புதிதாகப் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள், பழைய பற்றாசும் ஆசாரியின் கையெழுத்துதான். நெகிழிப் பையில் அடைக்காமல் காகித உறையில் வையுங்கள். வைப்பதற்கு முன், வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே, யார் யாருக்குக் கொடுத்தது, எந்தத் தோட்டம், எந்தக் கல்யாணம் என்று கேட்டு உறையின் மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள். மையால் வேண்டாம், வெள்ளியில் படியும்.