பிழையின்றி எழுதுதலும் நன்றாக எழுதுதலும்

தமிழைப் பிழையின்றி எழுதக் கற்பிக்கும் நூல்களுக்கு நம்மிடையே குறைவிருந்ததில்லை. அ. கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' என்னும் நூல் 1950-களில் வெளிவந்தது முதல் பதிப்புக்குப் பின் பதிப்பாக வந்துகொண்டே இருக்கின்றது. சென்னைத் தொலைக்காட்சியின் வாயிலாக எழுத்தறிவு புகட்டிய புலவர் மா. நன்னன் 'தவறின்றித் தமிழ் எழுதுவோம்' என்று நம்மை அழைத்தார். ஈழத்தவரான எம். ஏ. நுஃமான் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' தந்தார். செய்யுள் இயற்ற விழைவோர்க்குப் பரந்தாமனாரே 'கவிஞராக' என்னும் நூலையும், கி. வா. ஜகந்நாதன் 'கவி பாடலாம்' என்னும் நூலையும் அளித்தனர். கதை எழுத விரும்பினோர்க்கு ரா. கி. ரங்கராஜன் 'எப்படிக் கதை எழுதுவது?' என்று பாடமே நடத்தினார். இத்தனை ஆசான்கள் இருந்தும் நம் சங்க மலர்களில் வரும் கட்டுரைகள், என்னுடையவை உட்பட, ஏன் படிப்பவரைக் கொட்டாவி விடச் செய்கின்றன? இவ்வினா நெடுநாளாக என்னை உறுத்தி வருகின்றது.

நான் புலவன் அல்லேன். தாணேயில் குடியிருந்துகொண்டு, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழும் எழுத்தன். 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து புறப்பட்ட இந்நாட்டின் முதற் பயணிகள் புகைவண்டி வந்து நின்ற ஊர் எங்கள் தாணே. அதே தடத்தில் நாள்தோறும் போய் வருவதால், இருக்கை கிடைக்கும் நாட்களில் ஒரு மணி நேரம் நூல் படிக்க வாய்க்கின்றது. மேற்கூறிய நூல்களுட் பலவற்றை அவ்வாறே படித்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுச் சொல்ல வேண்டும். இந்நகரில் ஒரு மன்றத்தார் பள்ளி மாணவர்க்கெனக் கட்டுரைப் போட்டி நடத்தி, நடுவர் மூவருள் ஒருவனாக என்னையும் அமர்த்தியிருந்தனர். தலைப்பு 'என் தாய்மொழி'. ஒரு கட்டுரை தொடக்கம் முதல் முடிவு வரை பிழையே இல்லாதது. ஓர் ஒற்றுக்கூடத் தவறவில்லை. தமிழின் தொன்மை, இனிமை, செம்மொழிச் சிறப்பு ஆகிய மூன்றும் மூன்று பத்திகளில் வரிசையாக நின்றன. ஆயின் அந்தப் பிள்ளை தன் கண்ணாற் கண்டதும் தானே நினைத்ததும் அதில் ஒரு வரியும் இல்லை.

மற்றொரு கட்டுரை தாராவியிலிருந்து வந்த ஒரு சிறுமியுடையது. விடியற்காலை நான்கு மணிக்கு அவள் தாய் எழுந்து இட்டலி அவிப்பதையும், தந்தை அவற்றைத் தலையில் சுமந்து விற்கப் புறப்படுவதையும் எழுதியிருந்தாள். பிறகு குழாயடிக்கு வந்தாள். அங்கே தண்ணீருக்காக நிகழும் சண்டை தமிழிலேயே நடக்குமாம். பக்கத்து வீட்டு மராத்திப் பெண்மணியும் தமிழிலேயே சண்டையிடக் கற்றுக்கொண்டாராம். குடங்கள் நிரம்பியதும் அவரவர் தத்தம் மொழிக்குத் திரும்பிவிடுவார்களாம். இதைப் படித்தபோது எனக்கு மெய்யாகவே சிரிப்பு வந்தது. ஆனால் அக்கட்டுரையில் 'அரிசி' 'அறிசி' ஆகியிருந்தது. 'கொட்டி' என்பது 'கோட்டி' என்றிருந்தது. சிவப்பு மையால் நாங்கள் வட்டமிட்ட பிழைகள் 23. முதற்பரிசு பிழையற்ற கட்டுரைக்குச் சென்றது. சிறுமிக்கு ஆறுதற் பரிசும் இல்லை. முடிவுத்தாளில் நானும் கையெழுத்திட்டேன்.

இதனால் இலக்கணம் வேண்டா என்று நான் வாதிடுவதாக எவரும் கருதற்க. 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைக்கொம்பினாற் செய்த பலகை. 'வேலை கொடு' என்று கேட்பவன் வேலையற்ற இளைஞன். 'வேலைக் கொடு' என்று கேட்பவன் முருகனின் படைக்கலத்தையே கேட்கின்றான். வீரனுக்கு நட்டது நடுகல். நடுவில் கிடப்பது நடுக்கல். 'முந்நூறு' எண்ணைக் குறிக்கும்; 'முன்னூறு' என்று எழுதினாலோ முன்னே இருக்கும் நூறு என்றாகிவிடும். இவ்வாறு ஓர் எழுத்து வந்தும் போயும் பொருளையே மாற்றும்போது, இலக்கணம் கற்பவனுக்கு வியப்பும் அதன் வழியே விருப்பமும் பிறக்கின்றன. நம் கையேடுகள் இந்த இடத்தில் உயிரோடு இருக்கின்றன. அடுத்து வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று விதிகளை அடுக்கத் தொடங்கியதும் அந்த உயிர் போய்விடுகின்றது. விதியை மனப்பாடம் செய்தவன் எழுத உட்கார்ந்தால், அடுத்த சொல்லைத் தேடாமல் அடுத்த ஒற்றைத் தேடுகின்றான். பிழை நேராத சொற்றொடர்களையே நாடுகின்றான். அவை யாவும் முன்பே பிறர் எழுதியவை.

மற்றொரு குறையையும் மும்பையில் வாழும் நாம் கவனிக்க வேண்டும். இந்நூல்கள் தமிழ்நாட்டில் தமிழ்ச் செவியோடு வளர்ந்த மாணவனை முன்னிறுத்தி எழுதப்பட்டவை. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துவது போற்றற்குரியது. எனினும் தமிழ் வழியில் பயிலாத பிள்ளைகளே நம்முள் மிகப் பலர். அவர்கள் தேவநாகரி எழுத்தை முதலிற் கற்று, பிறகே தமிழ் எழுத்துக்கு வருகின்றனர். தேவநாகரியில் ரகரம் ஒன்றே. நமக்கோ ர, ற என இரண்டு. அங்கே னகர நகர வேறுபாடு இல்லை. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் அங்கே தனித்தனிக் குறிகள் வழக்கில் இல்லை. தமிழிலும் இவ்வேறுபாட்டை இன்று நாம் எழுதும் வகையில் காட்டுவதற்கு வீரமாமுனிவர் செய்த எழுத்துத் திருத்தமே காரணம் என்பர். ஆகவே 'அறிசி'யும் 'கோட்டி'யும் அச்சிறுமியின் கவனக்குறைவால் விளைந்தவை அல்ல. அவள் முதலிற் கற்ற எழுத்து முறை அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கின்றது. மராத்தியில் ளகரம் இருப்பதால் 'பள்ளி', 'பல்லி' என்னும் சொற்களில் நம் பிள்ளைகள் தடுமாறுவதில்லை என்பதையும் நான் கண்டிருக்கின்றேன். ழகரமே அவர்களுக்கு ளகரமாகிவிடுகின்றது. இப்பிழைகளின் வேரைச் சொல்லி, தேவநாகரி அறிந்த பிள்ளைக்கெனத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் ஒரு சிறு நூலை எழுதினால், அது பத்துச் சொற்பொழிவுகளைவிடப் பயன்படும். எழுத வல்லவர்கள் இச்சங்கத்திலேயே உளர்.

இனி, என் வினாவிற்கு நன்னூலில் எனக்குக் கிடைத்த விடைக்கு வருகின்றேன். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சமண முனிவராகிய பவணந்தியார் இயற்றிய நன்னூலை நாம் எழுத்தும் சொல்லும் கற்கவே புரட்டுகின்றோம். அதன் முகப்பில் உள்ள பாயிரத்தைத் தேர்வுக்கு உதவாது என்று தள்ளிவிடுகின்றோம். அப்பாயிரத்தில்தான் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களும், இருக்க வேண்டிய பத்து அழகுகளும் சொல்லப்படுகின்றன. குற்றங்களை எண்ணிப் பார்த்தேன். வேண்டியதினும் குறைத்துச் சொல்வது, மிகுத்துச் சொல்வது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரண்படுவது, வழுவுள்ள சொற்களைச் சேர்ப்பது, பொருள் மயங்க வைப்பது, வெற்றுச் சொற்களைத் தொடுப்பது, எடுத்ததை விட்டு வேறொன்றை விரிப்பது, போகப் போகத் தேய்ந்து முடிவது, சொற்கள் நின்றும் பயனில்லாது போவது. இப்பத்தில் ஐந்தாவதாக நிற்கும் வழூஉச்சொல் ஒன்றே இன்றைய கையேடுகள் பெரிதும் கவலைப்படும் குற்றம். எஞ்சிய ஒன்பதும் எழுதுபவனின் எண்ணத்தையும், படிப்பவன்பால் அவன் கொண்ட அக்கறையையும் பற்றியவை. எழுத்துக்கும் சொல்லுக்கும் விதி வகுத்த இலக்கண நூலே தன் வாயிலில் இப்படிச் சொல்லி வைத்திருக்கின்றது.

இந்த ஒன்பது குற்றங்களையும் அலுவலகக் கோப்புகளில் நான் நாள்தோறும் காண்கின்றேன். 'மேற்குறித்த கடிதத்தின்படி' என்று எழுதிவிட்டு, எந்தக் கடிதம், எந்த நாளது என்று சொல்லாதது குன்றக் கூறல். முந்தைய குறிப்பு முழுவதையும் திரும்ப எழுதிவிட்டுத் தன் பங்காக ஒரு வரி சேர்ப்பது கூறியது கூறல். இரண்டாம் பத்தியில் தகுதி உண்டு என்றும் ஐந்தாம் பத்தியில் இல்லை என்றும் எழுதுவது மாறுகொளக் கூறல். பெருமிதமாகத் தொடங்கி 'தக்க நடவடிக்கைக்காகச் சமர்ப்பிக்கப்படுகின்றது' என்று நழுவுவது சென்று தேய்ந்து இறுதல். கடைசிக் குற்றந்தான் கொடியது. கணவனை இழந்த ஒருத்தி குடும்ப ஓய்வூதியம் எப்போது வரும் என்று கேட்டு எழுதுகின்றாள். மூன்று பக்க விடை போகின்றது. அதில் விதிகள் உண்டு, எண்கள் உண்டு, இலக்கணமும் பழுதில்லை. எப்போது வரும் என்பது மட்டும் இல்லை. இதற்கு 'நின்று பயன் இன்மை' என்பதைவிடப் பொருத்தமான பெயர் எம்மொழியிலும் கிடைக்காது.

நான் பணியிற் சேர்ந்த புதிதில் இரண்டு பக்கக் குறிப்பொன்றை எழுதி மேலதிகாரியிடம் வைத்தேன். அவர் ஒரு பிழையையும் திருத்தவில்லை. 'இதைப் படித்தபின் நான் என்ன செய்ய வேண்டும்?' என்று மட்டும் கேட்டார். வாயாற் சொன்னேன். 'அதையே எழுதிக் கொண்டு வாருங்கள்' என்றார். நான்கு வரியில் முடிந்தது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் பெறாத பாடம் அது. கட்டணமும் இல்லை.

அயல்நாட்டிலும் இத்தகைய கவலை எழுந்ததுண்டு. இங்கிலாந்தின் அரசு ஊழியர்கள் எழுதும் ஆங்கிலம் மக்களுக்குப் புரியவில்லை என்பதால், நிதித்துறையார் சர் எர்னஸ்ட் கவர்ஸ் என்னும் முதுபெரும் அதிகாரியைக் கொண்டு ஒரு கையேடு எழுதுவித்தனர். 'பிளெயின் வேர்ட்ஸ்' என்னும் பெயரில் 1948-இல் வெளிவந்த அது, பின்னர் 1954-இல் விரிந்த நூலாயிற்று. அவர் இலக்கணத்தைத் தள்ளவில்லை. ஆனால் சொல்லாட்சி முறைகளையும் நிறுத்தக்குறிகளையும் நூலின் பிற்பகுதியில் வைத்தார். மிகையான சொல்லை விடுவது, பழகிய சொல்லைத் தேர்வது, திட்டமான சொல்லைத் தேர்வது ஆகியவை முன்னே நின்றன. பவணந்தியாரின் வரிசையையும் இவ்வரிசையையும் அருகருகே வைத்துப் பார்த்து நான் வியந்ததுண்டு.

பரந்தாமனார் நூலின் பெருமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் மேசையில் அது இன்றும் இருக்கின்றது. ஐயம் வரும்போது எடுத்துப் பார்க்கின்றேன், ஐயம் தீர்கின்றது. அகராதியைப் போல் பயன்படுத்தினால் அதற்கு நிகர் அதுவே. ஆனால் அதன் தலைப்பு எழுப்பும் வினாவிற்கு இலக்கணம் மட்டுமே விடையாகும் என்று நம்பிய வாசகர்கள் நாமே, ஆசிரியர் அல்லர். கதைப் பயிற்சியை எடுத்துக்கொண்டால், ரங்கராஜன் குமுதம் இதழில் நெடுங்காலம் பணியாற்றி, எண்ணற்ற கதைகளைப் படித்துத் தேர்ந்தவர். வாசகன் எங்கே பக்கத்தைத் திருப்பிவிடுவான் என்பதை அறிந்தவரின் பாடம் அது. பிழைதிருத்தப் பாடத்தில் காணாத அந்த வாசகன் அங்கே இருக்கின்றான். குறை என்னவெனில், அச்சிற்கு ஏறும் கதையை எழுதச் சொல்லித்தரும் பயிற்சி எதுவும், தாய்க்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாதவனுக்குக் கைகொடுப்பதில்லை. மும்பைத் தமிழருள் அத்தகையோரே மிகுதி. ஊரில் இருக்கும் பாட்டிக்கு நான்கு வரி எழுதச் சொன்னால், பிழை வந்துவிடும் என்று அஞ்சித் தொலைபேசியை எடுக்கும் பிள்ளை என் வீட்டிலேயே உண்டு. அந்த அச்சத்தை ஊட்டியவன் நான்தான். முதற்கடிதத்தை அவன் கொண்டுவந்து காட்டியபோது, பாட்டிக்கு அனுப்புவதற்கு முன் சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன்.

அடுத்த ஆண்டும் அம்மன்றத்தார் என்னை நடுவராக அழைத்தனர். இம்முறை மதிப்பெண் தாளை நானே வரைந்து கொண்டு போனேன். பிழைக்கு இத்தனை, நடைக்கு இத்தனை என்னும் பழைய கட்டங்களை நீக்கிவிட்டு, நன்னூலின் பத்துக் குற்றங்களுக்கும் பத்துக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிற்கும் ஒரே அளவு மதிப்பெண் இட்டிருந்தேன். முந்தைய ஆண்டின் இரு கட்டுரைகளையும் இத்தாளைக் கொண்டு வீட்டில் மதிப்பிட்டுப் பார்த்திருந்தேன். பரிசு பெற்றது நான்கு கட்டங்களில் இழந்தது. சிறுமியுடையது ஒன்றில் மட்டுமே இழந்தது. உடனிருந்த நடுவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தாளை மேலும் கீழும் பார்த்தார்.

'சந்திப் பிழைக்குக் கட்டம் எங்கே ஐயா?' என்று கேட்டார்.

'ஐந்தாவது' என்றேன்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதற் கட்டுரையை எடுத்தார்.