நெக்ரோபோட்டன்ஸ்: ஒற்றைச் சீட்டை மையமாகக் கொண்ட ஆட்ட உத்தி – ஒரு மதிப்பீடு

சேகரிப்புச் சீட்டாட்டங்களில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தம் சீட்டுக்கட்டைத் தாமே அமைத்துக்கொள்கிறார். வலிமை வாய்ந்த ஒரு சீட்டைத் தேர்ந்து, மற்றச் சீட்டுகள் அனைத்தையும் அதற்குத் துணையாக அடுக்குவது இவ்வாட்டங்களில் பரவலாகக் காணப்படும் உத்தியாகும். இவ்வுத்தியின் வலிமையையும் வரம்பையும் அறிய, மேஜிக்: த கேதரிங் ஆட்டத்தின் நெக்ரோபோட்டன்ஸ் என்னும் சீட்டு சிறந்த சான்று. ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய இவ்வாட்டம் 1993 இல் வெளிவந்தது. நெக்ரோபோட்டன்ஸ் 1995 இல் ஐஸ் ஏஜ் என்னும் தொகுப்பில் வந்தது.

சீட்டின் இயல்பு

ஆட்டத்தின் பொதுவிதி எளியது. ஒவ்வொருவரும் 20 உயிர்ப்புள்ளிகளோடும் கையில் 7 சீட்டுகளோடும் தொடங்குவர். தம் முறை வரும்போது கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுப்பர். உயிர்ப்புள்ளி முழுவதும் தீர்ந்தவர் தோற்றவர்.

நெக்ரோபோட்டன்சைக் களத்தில் இறக்க மூன்று கறுப்பு மானா தேவை. இறக்கியவர் வழக்கமான அந்த ஒரு சீட்டை எடுக்கும் உரிமையை இழக்கிறார். அதற்கு ஈடாக, ஓர் உயிர்ப்புள்ளிக்கு ஒரு சீட்டு என்ற கணக்கில் விரும்பிய அளவு வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய சீட்டுகள் உடனே கைக்கு வாரா. அவர் முறையின் முடிவில்தான் வரும். 7க்கு மேற்பட்டவற்றைக் கழிக்க வேண்டும். கழித்தவை ஆட்டத்தை விட்டே நீங்கிவிடும்.

வெளிவந்த புதிதில் பலர் இச்சீட்டைக் குறைவாகவே எடைபோட்டனர். இலவசமாக வரும் சீட்டை விட்டுவிட்டு உயிரை விற்றுச் சீட்டு வாங்குவது நட்டக் கணக்காகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் 20 உயிர்ப்புள்ளி வைத்திருப்பவரும் 1 உயிர்ப்புள்ளி வைத்திருப்பவரும் ஆட்டத்தில் ஒரே அளவு உயிரோடுதான் இருக்கிறார்கள். கடைசிப் புள்ளியைத் தவிர மற்றவை செலவழிக்கத்தக்க முதல் என்பதை ஆட்டக்காரர்களுக்கு உணர்த்தியதே இச்சீட்டின் பெரும்பங்கு.

கட்டின் அமைப்பு

இச்சீட்டைச் சுற்றி எழுந்த கறுப்புக் கட்டுகளில் மூவகைத் துணைகளைக் காணலாம்.

முதலாவது, விரைவுபடுத்துபவை. டார்க் ரிச்சுவல் ஒரு கறுப்பு மானாவை மூன்றாக்கும். இதனால் முதல் முறையிலேயே நெக்ரோபோட்டன்ஸ் களத்துக்கு வந்துவிட வாய்ப்புண்டு.

இரண்டாவது, செலவான உயிரை மீட்பவை. டிரெய்ன் லைஃப் எதிரியைத் தாக்கி, தாக்கிய அளவு உயிரைத் தருகிறது. ஐவரி டவர் என்ற சீட்டோ, கையில் நான்குக்கு மேல் உள்ள ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் உயிர்ப்புள்ளி தரும். கையில் 7 சீட்டு இருந்தால் முறைதோறும் 3 புள்ளி. அந்த 3 புள்ளிக்கு மேலும் 3 சீட்டு.

மூன்றாவது, மையச்சீட்டு வராவிட்டாலும் தனித்துப் பயன்படுபவை. ஹிப்னாடிக் ஸ்பெக்டர், எதிரியின் கையிலிருந்து இரு சீட்டுகளைப் பறிக்கும் ஹிம் டு டூராக் ஆகியவை இவ்வகையின. இவ்வகையே இக்கட்டின் உண்மையான வலிமை என்பது இக்கட்டுரையின் கருத்து.

எண்கணக்கு சொல்வது

கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருக்க வேண்டும். அடிப்படை நிலச்சீட்டு தவிர எந்தச் சீட்டும் நான்கு படிகளுக்கு மேல் கூடாது. 60 சீட்டுக் கட்டில் நான்கு படிகள் வைத்திருந்தால், முதல் 7 சீட்டுகளில் ஒன்றேனும் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. 10 சீட்டுகள் பார்த்த பின்னும் அது 53 விழுக்காடே. அதாவது, ஏறக்குறையப் பாதி ஆட்டங்களில், தொடக்கச் சுற்றுகளில், மையச்சீட்டு கையில் இராது. அந்தப் பாதியில் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை இல்லாத கட்டு நல்ல கட்டு ஆகாது. ரம்மியில் எத்தனை ஜோக்கர் வந்தாலும், ஜோக்கர் சேராத ரம்மி ஒன்று இல்லாமல் ஆட்டத்தை முடிக்க முடியாது என்பதை நினைவிற்கொள்க.

எதிர்வினையும் முறிவும்

1996 இன் கோடைக்காலத்தில் போட்டிகளெங்கும் இக்கட்டே நிறைந்திருந்தது. ஆட்டக்காரர்கள் அதைக் கறுப்புக் கோடை என்றே குறிப்பிடுகின்றனர். ஒரு கட்டு எல்லோர் கையிலும் இருக்கும்போது அதை முறிப்பதற்கென்றே அமைக்கப்படும் கட்டுகளும் எழும். அவ்வாண்டு சியாட்டிலில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில், நெக்ரோபோட்டன்ஸ் கட்டுடன் ஆடிய அமெரிக்கர் மார்க் ஜஸ்டிசை ஆஸ்திரேலியாவின் டாம் சான்பெங் வென்றார். சான்பெங் ஆடியது வெள்ளை நிறச் சிறுவீரர் கட்டு. அதிலிருந்த வீரர்கள் சிலருக்குக் கறுப்பு நிறத்திலிருந்து காப்பு உண்டு. கறுப்பு வீரர்கள் அவர்களைத் தடுக்க முடியாது, டிரெய்ன் லைஃப் அவர்களைத் தொட முடியாது. உயிரைச் செலவழித்துச் சீட்டு வாங்குபவருக்கு விரைந்து தாக்கும் எதிரியே பெரும் இடர். மையச்சீட்டின் வலிமை எங்கே பிறக்கிறதோ அங்கேயே அதன் பலவீனமும் இருந்தது.

டிரிக்ஸ்: மையமா, துணையா?

இச்சீட்டு சில ஆண்டுகளுக்குப் பின் டிரிக்ஸ் என்ற கட்டில் மீண்டும் பேர்பெற்றது. அதன் திட்டம் இது: இல்யூஷன்ஸ் ஆஃப் கிராண்டியர் களத்துக்கு வரும்போது 20 உயிர்ப்புள்ளி தரும், களத்தை விட்டு நீங்கும்போது 20 புள்ளியைப் பறிக்கும். அதைக் களத்தில் வைத்திருக்க முறைதோறும் ஏறிக்கொண்டே போகும் மானாவும் செலுத்த வேண்டும். டோனேட் என்ற சீட்டால் அதை எதிரிக்கே கொடுத்துவிட்டால், செலுத்த முடியாத நாளில் எதிரி 20 புள்ளியை இழப்பார். இடையில் கிடைத்த 20 புள்ளி நெக்ரோபோட்டன்சுக்கு 20 சீட்டுக்கான விலை.

இங்கே வெல்வது இல்யூஷன்சும் டோனேட்டும். நெக்ரோபோட்டன்ஸ் அவற்றைத் தேடித்தரும் துணைமட்டுமே என்று வாதிடலாம். தடைகளின் வரிசை வேறு கதை சொல்கிறது. எக்ஸ்டென்டட் என்னும் போட்டி முறையில் 2000 இல் டார்க் ரிச்சுவலும் மானா வால்ட்டும் தடைசெய்யப்பட்டன, கட்டு பிழைத்துக்கொண்டது. 2001 இல் நெக்ரோபோட்டன்சே தடைசெய்யப்பட்டது. விரைவைக் குறைத்தும் கட்டு சாயவில்லை என்றால், அதன் உண்மையான மையம் எது என்பது விளங்கும்.

மதிப்பீடு

ஒரு சீட்டு எல்லாக் கட்டுகளையும் தன்பால் இழுத்துக்கொள்ளும்போது ஆட்டத்தின் பன்மை குறைகிறது என்ற குறை நியாயமானதே. ஆயினும் நெக்ரோபோட்டன்ஸ் கட்டை ஒரே ஆயுதத்தின் வெற்றி என்று கொள்வது பொருந்தாது. வழக்கமான சீட்டை இழந்தவர் ஒவ்வொரு முறையும் எத்தனை புள்ளி செலவிடலாம், எதிரி அடுத்த அடியில் எவ்வளவு பறிப்பார் என்று கணக்கிட்டே ஆகவேண்டும். கணக்குத் தவறியவரை அவருடைய சீட்டே தோற்கடித்தது.

புதிதாகக் கட்டு அமைக்கும் மாணவர், அரிய சீட்டு ஒன்றின் நான்கு படிகளுக்குப் பணம் செலவிடும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம். அச்சீட்டு வராத ஆட்டத்தில் என் கட்டு என்ன செய்யும்? வந்த பின் எதிரி அதை நீக்கினால் என்ன மிஞ்சும்? அது கேட்கும் விலையை என் மற்றச் சீட்டுகள் ஈடுசெய்கின்றனவா? நெக்ரோபோட்டன்ஸ் கட்டு இம்மூன்றுக்கும் விடை வைத்திருந்தது. அதைப் பார்த்து மையச்சீட்டை மட்டும் படியெடுத்துக்கொள்ளும் கட்டுகள் முதற்கேள்வியிலேயே தடுமாறும்.