டர்போ வண்டியும் சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டியும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் டர்போ வண்டி என்றால் பெரும்பாலும் பழைய டீசல் ஸ்விஃப்ட்தான். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின், 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2007-இல் வந்த இந்த வண்டியை வாடகைக்கு ஓட்டியவர்களும் குடும்பத்துக்கு வைத்துக்கொண்டவர்களும் ஏராளம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆகவே இன்று சந்தையில் கைமாறும் டீசல் ஸ்விஃப்ட் எல்லாமே வயதானவை. அவற்றோடு செகண்ட் ஹேண்டில் வரும் போலோ ஜிடி, பலேனோ ஆர்.எஸ்., ஐ20 என் லைன், ஆல்ட்ரோஸ் ஐடர்போ போன்ற பெட்ரோல் டர்போக்களும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கின்றன.

இந்த வண்டிகளை வாங்கும் இளைஞர் பலருக்கு அடுத்த ஆசை ‘பிக்கப்’ கூட்டுவது. ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் கணினியின் நிரலை மாற்றி முறையாக ரீமேப் செய்யப் பல ஆயிரம் ஆகும். அதனால் இணையத்தில் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை விற்கும் மின்னணுப் பெட்டி போன்ற பொருள்களை வாங்கித் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். எஞ்சினைத் தானே திறந்து பார்க்கும் இந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் பேரில் இன்று நடப்பதில் பெரும்பகுதி எஞ்சினை ஏமாற்றும் வேலை, நம் ஊர் வெயிலுக்குச் சற்றும் பொருந்தாத வேலை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வேர் உண்டு. மின்னணு வருவதற்கு முன் லாரியிலும் ஜீப்பிலும் டீசல் பம்பின் திருகைக் கொஞ்சம் திருப்பினால் வண்டி இழுக்கும். புகை கறுத்தால் மெக்கானிக் மறுபடி பின்னுக்குத் திருப்புவார். காதும் கண்ணும்தான் அளவுகோல். கிணற்றடி பம்ப்செட்டைப் பிரித்துச் சேர்த்துப் பழகிய கைகள் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இருந்தன. தன் வண்டியைத் தான் அறிந்து வைத்திருக்கும் மனிதனை எந்த சர்வீஸ் சென்டரும் எளிதில் ஏமாற்ற முடியாது. இது சாதாரண நன்மை இல்லை.

இன்று பெட்டி மாட்டும் இளைஞர்களின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. தயாரிப்பாளர் எஞ்சினின் முழுத் திறனையும் வெளியே விடுவதில்லை என்கிறார்கள். பலேனோ ஆர்.எஸ். 2017-இல் வந்தபோது அதன் 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட் எஞ்சின் இங்கே 102 குதிரைத்திறனும் 150 நியூட்டன் மீட்டரும் தந்தது. ஐரோப்பாவில் அதே எஞ்சின் 111 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர். அங்கே பங்க்கில் கிடைத்தது 95 ஆக்டேன் பெட்ரோல், இங்கே அன்று சாதாரணப் பெட்ரோல் 91. மல்டிஜெட்டும் அப்படித்தான்: ஸ்விஃப்ட்டில் 75, சியாஸிலும் எர்டிகாவிலும் 90. ஆனால் இந்த இரண்டாவது உதாரணத்தைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 90 குதிரைத்திறன் எஞ்சினில் டர்போவே வேறு, இறக்கைகளின் கோணம் மாறும் டர்போ. அந்த 15 குதிரைகள் எஞ்சின் கணினியான ஈசியூவுக்குள் மட்டும் ஒளிந்திருக்கவில்லை.

தயாரிப்பாளர் விட்டுவைக்கும் அந்தக் கூடுதல் இடம் எதற்கு? வெயிலுக்கு, மோசமான எரிபொருளுக்கு, கவனமற்ற ஓட்டுநருக்கு. மூன்றாவதற்கு வரலாற்றில் அருமையான சாட்சி உண்டு. 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று. நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சின் தட்டுவது) வராமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவே இல்லை. தொட்டி காலியானால் டர்போ தரும் காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டைக் குறைத்துவிடும் ஏற்பாட்டை நிறுவனம் முன்கூட்டியே வைத்திருந்ததால் எஞ்சின்கள் தப்பின. அந்த ஏற்பாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ‘இப்போது முழு சக்தி’ என்று சொல்வதுதான் மலிவுப் பெட்டிகளின் வேலை.

வெயிலைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊரில் 40 டிகிரி புதிதல்ல. அந்தக் காற்றை டர்போ 1 பார் பூஸ்ட்டுக்கு அழுத்தினால், சாதாரணத் திறனுள்ள கம்ப்ரசரின் வாயிலிருந்து அது ஏறக்குறைய 135 டிகிரியில் வெளியே வரும். குளிர்நாட்டில் 15 டிகிரிக் காற்று என்றால் 105-ஐ ஒட்டி நிற்கும். அதைக் குளிர்விக்க வேண்டிய இன்டர்கூலருக்கு எதிர்க்காற்று வேண்டும். பௌர்ணமி கிரிவல நெரிசலில் திருவண்ணாமலைக்குள் நுழைய முடியாமல் அவலூர்பேட்டை சாலையிலும் வேட்டவலம் சாலையிலும் முதல் கியரில் ஊர்ந்து நிற்கும் வண்டிக்கு அந்தக் காற்று எங்கிருந்து வரும்? பம்பருக்குள்ளேயே வெப்பம் தேங்கிவிடும். நெரிசல் தாண்டியதும் ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார். தயாரிப்பாளர் விட்டுவைத்த இடம் முழுவதும் தேவைப்படும் நொடி அதுதான்.

இனி பொருள்களைப் பார்ப்போம். வண்டியின் கணினியைப் படிப்பதற்கான ஓபிடி துளையில் செருகினால் மைலேஜும் சக்தியும் கூடும் என்று விற்கும் சின்ன ‘சிப்’பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றில் பேர்போன ஒன்றைப் பிரித்துப் பார்த்த பொறியாளர்கள், வண்டியின் கணினியோடு பேசுவதற்கான பாகமே உள்ளே இல்லை என்றும், விளக்கு மட்டும் மினுக்குகிறது என்றும் 2017-இலேயே காட்டிவிட்டார்கள். பணம் போகும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்தது, காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரில் மாட்டும் ரெசிஸ்டர். 40 டிகிரிக் காற்றை 10 டிகிரி என்று அது ஈசியூவிடம் பொய் சொல்கிறது. குளிர்ந்த, அடர்ந்த காற்று என்று நம்பி ஈசியூ எரிபொருளைக் கூட்டுகிறது, தீப்பொறியையும் முன்னுக்குக் கொண்டுவருகிறது. சீராக ஓடும்போது ஆக்ஸிஜன் சென்சார் கூடுதல் எரிபொருளைக் கண்டுபிடித்துக் குறைத்துவிடும், ஆகவே அங்கே லாபம் இல்லை. முழு ஆக்ஸிலரேட்டரில் முந்திய தீப்பொறி மட்டும் மிஞ்சும், அதுவும் வெந்த காற்றில். நாக்கிங்குக்கு இதைவிட நல்ல வழி வேறு வேண்டியதில்லை. பெட்ரோல் டர்போவுக்குச் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் இதுதான் என்பேன்.

டீசல் ஸ்விஃப்ட்டில் மாட்டும் பெட்டி கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. எரிபொருள் ரெயிலின் அழுத்தச் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே அமர்ந்து, அழுத்தம் குறைவு என்று சொல்லும். ஈசியூ அழுத்தத்தை ஏற்றும், அதே நேரத்துக்குத் திறக்கும் இன்ஜெக்டர் வழியே கூடுதல் டீசல் போகும். சக்தி கூடுவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்விஃப்ட் ஓட்டுபவர் எதைக் குறையாகச் சொல்கிறார்? 2,000 சுற்றுக்குக் கீழே வண்டி செத்துக்கிடக்கிறது, அதைத் தாண்டியதும் பாய்கிறது என்கிறார். போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும் ஜவ்வாது மலைப்பாதையில், கொண்டையூசி வளைவில் இரண்டாம் கியரில் 1,500 சுற்றுக்கு இறங்கும்போது இந்தக் குறை நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் டர்போ இன்னும் சுழன்று எழவில்லை, காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் டீசலைக் கூட்டினால் கரும்புகைதான் வரும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறக்கியிருந்தால் காசு செலவின்றித் தீர்ந்திருக்கும் குறை அது. பெட்டி சக்தியைக் கூட்டுவது 2,000-க்கு மேலே, ஏற்கெனவே பாயும் இடத்தில். அந்த 190 நியூட்டன் மீட்டருக்கென்று அமைந்த கிளட்ச் பிளேட் இப்போது கூடுதல் சுமை தாங்க வேண்டும், லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய இன்ஜெக்டர்கள் கூடுதல் அழுத்தம் தாங்க வேண்டும். கேட்ட குறை தீரவில்லை, கேட்காத இடத்தில் தேய்மானம் கூடியிருக்கிறது.

பூஸ்ட் மிகாமல் தடுக்கும் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் குழாயில் ஒரு சின்ன வால்வை வைத்து பூஸ்ட்டைத் திருடுவது பழைய வித்தை. இன்றைய வண்டிகளில் ஈசியூ அதைக் கண்டுபிடித்து சக்தியை முடக்கிவிடும். கண்டுபிடிக்காத பழைய வண்டியில் ஆபத்து இன்னும் அதிகம்: காற்று கூடும், எரிபொருள் கூடாது. எத்தனால் கலந்த பெட்ரோல் அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் எரிபொருளைக் கேட்கும் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கூம்பு வடிவத் திறந்த ஏர் ஃபில்டர் நல்ல சத்தம் தரும். ஆனால் பானெட்டுக்குள் சுடும் காற்றையே உறிஞ்சும். செங்கம் சாலைப் புழுதியில் தரமற்ற ஃபில்டரைத் தாண்டிப் போகும் மண், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கம்ப்ரசர் இறக்கையில்தான் போய் மோதும்.

மலிவாகவும் நல்லதாகவும் செய்ய ஒன்றும் இல்லையா? நிறைய இருக்கிறது, என் ஆதங்கமே அதுதான். பழைய டர்போ வண்டியில் ‘பிக்கப் போச்சு’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது இன்டர்கூலர் ஹோஸ்களும் கிளாம்புகளும். எண்ணெய் படிந்து உப்பிய ரப்பரில் ஒரு கீறல் போதும், டர்போ தள்ளிய காற்று வழியிலேயே கசிந்துவிடும். ஹோஸ் மாற்றிய வண்டி புதிது போல இழுப்பதைப் பார்த்த மெக்கானிக்குகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். பூஸ்ட் சென்சாரில் படிந்த கரியைத் துடைப்பது, சரியான ஏர் ஃபில்டர் போடுவது, பெட்ரோல் டர்போவில் ஸ்பார்க் பிளக்குகளைக் காலத்தில் மாற்றி இடைவெளியை அளந்து வைப்பது எல்லாம் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியவை. நேரடி இன்ஜெக்ஷன் உள்ள சிறிய டர்போ எஞ்சின்களில் குறைந்த சுற்றில் பெரும் சுமை கொடுத்தால், தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு, அது பிஸ்டனையே உடைக்கக்கூடியது. அதைத் தடுக்கும் வகையில் 2020-இல் வந்த தர அடையாளம் ஏபிஐ எஸ்பி. ஆயில் வாங்கும்போது டப்பாவில் அந்த எழுத்துகளைத் தேடுவதற்குத் தனிச் செலவு ஒன்றுமில்லை. செஞ்சி வழியாக வேகமாக வந்தவர்கள் வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால், டர்போவின் தாங்கியில் ஆயில் கருகாது.

கருவி என்று ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஓபிடி ரீடரை வாங்குங்கள். பூஸ்ட் எவ்வளவு, உள்ளே போகும் காற்றின் வெப்பம் எவ்வளவு என்று கைபேசியிலேயே தெரியும். பல வண்டிகளில் தீப்பொறி எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பதும் தெரியும். அன்றைய மெக்கானிக்குக் காதும் கண்ணும் தந்த அறிவை இன்று தருவது இந்த எண்கள். அளக்காமல் மாட்டியவருக்குத் தன் வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது, சத்தம் மட்டுமே தெரியும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை விளக்கியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கவும் வழியுண்டு. சைலன்சரை வெட்டி ஊரைக் கிடுகிடுக்க வைப்பவர்கள்மேல் எனக்கு இரக்கமே இல்லை. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடப்பவர்கள் இருக்கும் ஊர் இது.

வேகத்தை உண்மையாகவே விரும்புகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. கூடுதல் சக்தி வேண்டுமென்றால் பணம் சேர்த்து, டைனோவில் ஏற்றி அளந்து, கியர்பாக்ஸின் எல்லைக்குள் நிற்கும் ஒருவரிடம் அந்தத் தடத்துக்கென்று ஒரு வண்டியைத் தயாரித்துக்கொள்ளுங்கள். போலோ ஜிடியின் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டிக்கு 250 நியூட்டன் மீட்டர்தான் எல்லை என்பதை முதலிலேயே சொல்பவராக அவர் இருக்கட்டும். வீட்டில் உள்ளவர்களை ஏற்றிப்போகும் வண்டியில் ரெசிஸ்டரோ பெட்டியோ மாட்டியிருந்தால், செகண்ட் ஹேண்டில் வாங்கியதில் முன்னவர் மாட்டிவிட்டுப் போயிருந்தாலும் சரி, அடுத்த கோடைக்கு முன் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பழைய இணைப்பை நேராகச் சேர்த்துவிடுங்கள்.