ரேகை சமன், மரம்?

அமெரிக்கப் பச்சைமரக் கடைசலில் ஒரு கட்டளை வேதமாகிவிட்டது: கட்டையை அறுக்கும்போதே ரேகையைச் சமன் செய். கிண்ணத்தை மேலிருந்து பார்த்தால் வளையங்கள் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். ஒருபக்கம் ஒதுங்கினால் அறுத்தவருக்குத் தொழில் தெரியவில்லை என்று தீர்ப்பு.

வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வளையங்களின் நடு ஓரத்துக்குத் தள்ளிப்போன கட்டையில், நடுவையும் கட்டையின் மையத்தையும் இணைக்கும் கோட்டிலேயே செயின்சாவை ஓட்டினால் இரு பாதிகளும் கோணல். அதற்குக் குறுக்கே, நடுவின் வழியாக அறுத்தால் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் வரும். ஆனால் இரண்டும் தனித்தனியே சமன். நடுவைச் செதுக்கி எறிவதால் வெடிப்பும் குறைகிறது. கண்ணுக்கும் நிறைவுதான், பெர்க்லியில் கடைந்த பாப் ஸ்டாக்ஸ்டேலின் (1913–2003) கிண்ணங்களைப் பார்த்தவர் ரேகையின் அழகை மறுக்க மாட்டார்.

என் சண்டை அந்தத் தடித்த பாதியோடு. பெரிய கிண்ணம் வருமென்று எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான்.

நடு ஏன் ஒதுங்கியது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் மரம் சாய்ந்து நின்றிருக்கும், அல்லது கட்டை பக்கவாட்டுக் கிளையாக இருந்திருக்கும். சாய்வைத் தாங்க, பைன் போன்றவை கீழ்ப்பக்கத்திலும் அகன்ற இலை மரங்கள் பெரும்பாலும் மேல்பக்கத்திலும் வேறு குணமுள்ள மரத்தை வளர்த்துக்கொள்கின்றன. சாதாரண மரம் காயும்போது நீளவாக்கில் 0.1 முதல் 0.2 விழுக்காடுதான் சுருங்கும். கடைசல் கணக்கெல்லாம் இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. சாய்வில் வளர்ந்த இந்தச் சாய்வு மரமோ அதைப்போலப் பல மடங்கு சுருங்கக்கூடும். அழகான அந்தக் குறுக்கறுப்பு அதைப் பெரும்பாலும் தடித்த பாதியிலேயே கொண்டுபோய்க் குவிக்கிறது. வளையம் ஒத்திருப்பதால் சுருக்கமும் ஒத்திருக்கும் என்று எந்த மரம் வாக்குக் கொடுத்தது?

விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டுக் கடைந்து, மாதக்கணக்கில் காயவைத்து, மறுபடி கடைந்தால் சரியாகிவிடும் என்பார்கள். நல்ல மரத்துக்கு அது சரி. வளையத்தை ஒட்டிய சுருக்கம், வளையத்துக்குக் குறுக்கான சுருக்கத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டம் நீள்வட்டமாகும், திருத்திக்கொள்ளலாம். சாய்வு மரம் திட்டுத்திட்டாக இழுக்கும். இரண்டாம் முறை கடைந்த பிறகும் ஈரக்காற்று மாறினால் அடி ஆடும். அகன்ற இலை மரமென்றால் உளியைத் தீட்டித் தீட்டி அலுத்தாலும் பரப்பில் பஞ்சு எழும்பும். அதையும் மரத்தின் குணம் என்று பாராட்ட ஆள் இருக்கிறது!

மெலிந்த பாதியில் ஆழமில்லாத தட்டுதான் வரும், ஆனால் அது மேசையில் ஆடாமல் உட்காரும். அதை அடுப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் தடித்ததை லேத்தில் ஏற்றுகிறார்கள்.