‘பாபா’வின் ஏழு மந்திரங்கள்

அற்புதங்களைக் காட்டும் கதைகள் யாவும் அபத்தம் என்று ஒரே வாக்கில் தள்ளிவிடுவோர் நம்மில் உண்டு. நாம் அக்கட்சியைச் சேர்ந்தவரல்லோம். கலையில் அற்புதம் தாராளமாய்ப் புகலாம். ஆயினும் அது என்ன விலை கொடுத்துப் புகுந்தது என்று கேட்கும் உரிமை பார்ப்பவனுக்கு உண்டு. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் வெளிவந்து, 2022 டிசம்பரில் வெட்டித் திருத்தப்பெற்று மீண்டும் திரைக்கு வந்த ‘பாபா’வை, இக்கேள்வி கொண்டே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இப்படத்துக்குக் குறை சொல்லத்தக்க ஆயத்தம் ஒன்றுமில்லை. ‘படையப்பா’ 1999-இல் பெற்ற பெருவெற்றிக்குப்பின் மூன்றாண்டு காத்திருந்து, ரஜினிகாந்த் தாமே கதை எழுதித் தாமே தயாரித்த படம் இது. ‘அண்ணாமலை’, ‘பாட்ஷா’ ஆகியவற்றை இயக்கிய சுரேஷ் கிருஷ்ணாவே இயக்குநர், இசை ஏ. ஆர். ரகுமான். கதைக்கு நடுநாயகமான மகாவதார் பாபாஜியோ, பரமஹம்ச யோகானந்தர் 1946-இல் வெளியிட்ட சுயசரிதையின் வாயிலாக உலகறிந்த யோகி. இத்தனை இருந்தும் படம் ஏமாற்றியது ஏன்?

கதைச் சுருக்கம் யாதெனில்: தெய்வ நம்பிக்கையின்றி, புகையும் குடியுமாய்த் திரியும் பாபா என்பவன் இமயமலைக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். அங்கே பாபாஜி அவனுக்கு ஏழு மந்திரங்களை அருளுகிறார். நினைத்தது நடக்கும், ஆனால் ஏழே முறைதான். ஊர் திரும்பியவன், இது மெய்தானா என்று சோதிப்பதிலேயே சிலவற்றைச் செலவழித்து விடுகிறான். வானத்துப் பட்டம் ஒன்று தன் கைக்கு வரவேண்டுமென்று ஒரு மந்திரம் போகிறது!

நடுநிலையோடு பேசுமிடத்து, இது அருமையான வித்து என்றே சொல்லுவோம். உலகைத் திருத்தும் வல்லமை கிடைத்தும் அதைப் பட்டத்துக்குச் செலவிடும் மனிதனிடத்தில் நகைப்பும் உண்டு, துயரமும் உண்டு. ஏழு என்னும் எல்லையும் கதைக்கு இறுக்கம் தரவல்லது. ஆனால் படம் அந்த வித்துக்கு நீர் ஊற்றவில்லை. வீணான மந்திரத்துக்காக அவன் ஓர் இரவேனும் உறக்கம் இழந்ததாக நம் மனத்தில் பதியவில்லை. அதனால் ஓர் உயிரேனும் வருந்தியதாகவும் பதியவில்லை. எண்ணிக்கை குறைகிறது, நெஞ்சில் பாரம் ஏறவில்லை.

இத்தகைய கதையை வேறு நாட்டார் எங்ஙனம் நடத்துகின்றனர் என்பதையும் சிறிது நோக்குவோம். ஜப்பானியச் சித்திரக்கதைகளுள் 2003 முதல் 2006 வரை தொடராக வந்த ‘டெத் நோட்’டை நம் பட்டணத்து இளைஞர் பலர் அறிவர். 2006-இல் அது இரு பாகங்களாய்த் திரைப்படமும் ஆயிற்று. பெயரை எழுதினால் அப்பெயருடையோன் மாண்டுபோகும் ஏடு ஒன்று ஒரு மாணவன் கையில் கிடைக்கிறது. பாபாவுக்குக் கிடைத்தது போன்றே அதுவும் உழையாமல் வந்த பொருள்தான். ஆயின் அங்கே அவன் எழுதும் பெயர் ஒவ்வொன்றும் துப்பறிவோரை அவனிடம் ஓரடி நெருங்கச் செய்கிறது. அவன் மனச்சாட்சியை ஒரு பிடி அரிக்கிறது. ஆகவே நாம் மூச்சடக்கிப் பார்க்கிறோம்.

ஜப்பான்வரை போவானேன்? நம் சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை எரிக்கவில்லையா? அதை ‘நடவாத செயல்’ என்று நகைத்தவரை நாம் கண்டதில்லை. கணவனை இழந்து, அரசன் அவையில் வழக்காடி வென்று, தன் உடலின் ஒரு பாகத்தையே திருகி எறிந்த பின்னரன்றோ நெருப்பு எழுகிறது! அவள் கொடுத்த விலையே அந்நெருப்பை நம்ப வைக்கிறது.

ரஜினிகாந்தின் சொந்த வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. 1992-இல் வந்த ‘அண்ணாமலை’யில் அவர் பால்காரர், வீடு இடிக்கப்பட்ட பின்னரே சபதம் பிறக்கிறது. 1995-இன் ‘பாட்ஷா’வில் ஆட்டோ ஓட்டுநர், அடியைப் பொறுத்துப் பொறுத்துப் பின்னரே கை ஓங்குகிறது. பெரட்டுக்குப் பெயர் கொடுத்து, பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைத்த நம் தோட்டத்து ஜனங்கள் அவரைத் தம்மவராய்க் கொண்டாடியதன் காரணமும் இதுவே. பாபாவின் பலமோ மலையிலிருந்து இனாமாய் இறங்கியது. இனாமாய் வந்த பலத்தில் உழைப்பாளி தன் முகத்தைக் காணமாட்டான்.

படத்தில் வரும் புகைப்பழக்கத்தைப் பாட்டாளி மக்கள் கட்சி கண்டித்ததும், சில ஊர்களில் படச்சுருள்கள் பறிக்கப்பட்டதும், விநியோகஸ்தர்களின் நஷ்டத்தை ரஜினிகாந்த் ஈடுசெய்ததும் யாவரும் அறிந்தவை. அக்கலகமே தோல்விக்குக் காரணம் என்பாரும் உளர். நாம் அதை ஒப்போம். இருபது ஆண்டு கழித்துக் கலகம் ஏதுமின்றி, நீளம் குறைந்து வந்த பிரதியிலும் பழைய வெறுமை அப்படியே இருக்கிறதே! ஜனங்களுக்கு அமானுஷ்யம் கசந்துவிட்டது என்பதும் பொருந்தாது. 2005-இல் ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. அங்கே பேய் என்று அஞ்சப்பட்டதை மனநோய் என்று கண்டு, தன் அறிவையும் உயிரையும் பணயம் வைத்துத் தீர்ப்பவன் ஒரு மருத்துவன்.

‘பாபா’வின் முடிவைப் பாருங்கள். நேர்மையான பெரியவர் ஒருவர் முதலமைச்சர் ஆகிறார். கடமை முடிந்ததென்று பாபா மலைக்குப் புறப்படுகிறான். அவ்வளவில் பெரியவர் கொல்லப்படுகிறார், பாபா ஜனங்களை நோக்கித் திரும்புகிறான், படம் முடிகிறது. மந்திரம் பெற்றவன் துணை நின்றும் ஒரு நல்லவரின் உயிர் நிலைக்கவில்லை என்று படமே ஒப்புக்கொண்ட இடம் அது. உண்மையான கதை அங்கேதான் ஆரம்பமாக வேண்டும். அங்கே திரை விழுந்துவிட்டது!

அந்த எழுதப்படாத பாகத்தை நம் கெடா மண் அறியும். யுத்தம் முடிந்தபின், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படையை அமைத்தார். தோட்டத் தொழிலாளரே அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றனர். 1947-இல் போலீஸ் தடியடியையும் ஏற்றனர். குடியை நிறுத்த அவர்களுக்கு மந்திரம் ஒன்றேனும் அருளப்படவில்லை. கட்டுப்பாடும் ஒற்றுமையுமே கையிலிருந்தன. அவர்களது வரலாறு இன்னும் படமாகாதிருக்க, இமயத்து வரத்துக்காக அண்ணாந்து நிற்கும் ‘பாபா’வை நாம் ஏன் இருமுறை சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்? வாசகர்கள் சிந்திப்பார்களாக.