மண்ணின் இனம் காணும் முறை

மண்ணைப் பாகுபடுத்த முற்பட்ட அறிஞர்கள் நெடுங்காலமாக இரண்டு வழிகளுக்கிடையே நின்று தடுமாறி வந்திருக்கிறார்கள். ஒரு மண் எவ்வாறு உண்டாயிற்று என்று ஆராய்ந்து, அந்த உற்பத்தியை வைத்தே அதற்கு இனம் சொல்வது ஒரு வழி. உற்பத்தி எதுவாயினும் ஆகுக, இன்று அதில் புலனாகும் லட்சணங்களை அளந்து இனம் சொல்வது மற்றொரு வழி. நம்முடைய தர்க்க சாஸ்திரம் அனுமானம் என்றும் பிரத்தியட்சம் என்றும் பிரித்துரைத்த இரு பிரமாணங்களின் வேறுபாடே இங்கும் காணப்படுகிறது. 1883-இல் ருஷ்ய நாட்டுக் கருமண்ணைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட டொக்குச்சாயெவ், தட்பவெப்பம், உயிரினம், தாய்ப்பாறை, நிலத்தின் ஏற்றத்தாழ்வு, காலம் ஆகியவை கூடி உருவாக்கும் தனிப்பொருளே மண் என்று நிலைநாட்டினார். அவர் வழிவந்தோர் அந்தக் காரணங்களையே பாகுபாட்டுக்கும் ஆதாரமாகக் கொண்டனர். 1938-இல் அமெரிக்காவில் வெளியான பாகுபாடும் பெரும்பாலும் அப்பாதையிலேயே சென்றது. ஆயினும், ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் இலட்சிய வடிவத்தை அது வருணித்ததே ஒழிய, ஓரினம் முடிந்து மற்றோரினம் தொடங்கும் எல்லையை வரையறுத்துச் சொல்லவில்லை. ஒரே குழியில் இறங்கிய இரண்டு அளவையாளர்கள் இரண்டு பெயர் சொன்னால், எவர் கூற்று சரியென்று தீர்ப்பதற்கு அதில் இடமில்லை.

இக்குறையைப் போக்கும் பொருட்டே, அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த கை ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் 1951 முதல் வரைவுக்குப் பின் வரைவாக ஒரு புதிய முறையை வகுத்தனர். ஏழாவது வரைவு 1960-இல் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் கூடிய சர்வதேச மண்ணியல் மாநாட்டின் முன் வைக்கப்பட்டது. 1975-இல் இம்முறை முழு நூலாக வெளிவந்தது. அதன் உயிர்நாடி அடையாள அடுக்கு என்னும் கருத்து. தடிப்பு, நிறம், களியின் அளவு, ரசாயன குணம் ஆகியவற்றால் எண்களைக் கொண்டு வரையறுக்கப்பட்ட ஓர் அடுக்கு மண்ணுக்குள் உண்டா, இல்லையா என்று பார்த்தே இனம் தீர்மானிக்கப்பட வேண்டும் என்பது அதன் சித்தாந்தம். உலக மண் வரைபடமும் பிற்காலத்துச் சர்வதேசப் பாகுபாடும் இக்கருத்தைத் தழுவிக்கொண்டன. இந்தியாவின் மண் அளவைத் துறையினரும் இம்முறையையே கைக்கொண்டனர்.

நடைமுறையில் இது எவ்வாறு இயங்குகிறது என்பதைக் குழிக்குள் நின்று காண்பதே முறை. அளவையாளர் குழியின் சுவரைக் கத்தியால் சீவிப் புது முகம் காண்கிறார். கட்டியொன்றைப் பெயர்த்தெடுத்து, நீர் தெளித்து, மன்செல் வண்ணப் புத்தகத்தின் சில்லுகளோடு ஒப்பிடுகிறார். பிறகு அதை உடைத்து, உடைந்த முகங்களிலும் நுண்துளைகளிலும் மெழுகு பூசினாற்போன்ற களிப்படலம் மினுங்குகிறதா என்று பூதக்கண்ணாடியால் நோக்குகிறார். மேலிருந்து நீரோடு இறங்கிய களி கீழே படிந்ததற்கு அப்படலமே சாட்சி. ஆனால் சாட்சி மட்டும் போதாது, அளவும் வேண்டும். மேலடுக்கில் நூற்றுக்கு 20 பங்கு களி இருக்குமானால், கீழடுக்கில் குறைந்தது 24 பங்கு இருந்தாலன்றி அது ஆர்ஜிலிக் என்னும் களிசேர் அடுக்காக ஏற்கப்படுவதில்லை.

இம்முறையின் முதன்மையான சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. ஒரு தேசத்தில் செய்த பயிர்ச் சோதனையின் பலன் மற்றொரு தேசத்து மண்ணுக்குப் பொருந்துமா என்று கேட்கும்போது, இரண்டும் ஒரே இனம் என்று காட்டுவதற்கு நேரில் கண்டு அளந்த ஆதாரம் இருக்க வேண்டும். அந்த ஆதாரத்தை இம்முறை தருகிறது. எந்த ஆசிரியரின் மாணாக்கர், எந்தக் கொள்கையினர் என்ற பேதமின்றி எவரும் அளந்து ஒப்பவும் மறுக்கவும் இயலும்.

எனினும், அனுமானம் அறவே நீங்கிவிட்டதாக எண்ணிவிடலாகாது. எண்ணற்ற லட்சணங்களுள் களியேற்றத்தைத் தேர்ந்தெடுத்து ஏன் பெருமை தந்தார்கள்? மண் உருவாவதில் அது முக்கியமான நிகழ்ச்சி என்று முன்னரே நம்பியதனால் அன்றோ? அந்த நம்பிக்கையும் பெரும்பாலும் மிதவெப்ப நாடுகளின் அனுபவத்தில் விளைந்தது. மிக முதிர்ந்த வெப்பமண்டல மண்களில் கீழே களி மிகுந்திருந்தும் படலம் காணப்படாத நிலை அடிக்கடி நேர்ந்தபோது, பழைய வரையறை திகைத்து நின்றது. அதன் பின்னரே, 1980-களில், படலத்தைச் சாட்சியாகக் கேளாத காண்டிக் அடுக்கு புதிதாக வகுக்கப்பட்டது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. புல்வெளிகளில் விளைந்த மாலிசால் என்னும் வளமான இனத்துக்கு, கருநிறமும் கரிமச் சத்தும் கொண்ட மேலடுக்கு பெரும்பாலும் 18 முதல் 25 சென்டிமீட்டர் வரையிலாவது இருக்க வேண்டும் என்பது விதி. உழவினால் மட்டும் இனம் மாறிவிடக் கூடாது என்பதற்காக, மேலுள்ள 18 சென்டிமீட்டரைக் கலந்த பிறகும் அந்த லட்சணம் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்ன முன்யோசனை போற்றத்தக்கது. ஆனால் அயோவா போன்ற மாநிலங்களின் சரிவுகளில் பல தலைமுறை உழவால் மேல்மண் அரித்துச் செல்லப்பட்ட இடத்தில், அதே தாய்ப்பொருளும் அதே கீழடுக்கும் இருந்தும், கருமேலடுக்கு குன்றிய ஒரே காரணத்தால் மண் வேறு இனத்துக்குத் தள்ளப்படுகிறது. மனிதன் செய்த சேதம் சேதமாகப் பதியப்படாமல், இயற்கையின் இனபேதமாக வரைபடத்தில் ஏறிவிடுகிறது. இதை நான் சிறு பிழையாகக் கருதவில்லை. நிலம் இழந்ததைக் கணக்கிட வேண்டிய கருவியே அந்த இழப்பை மறைப்பது பொறுக்கத் தக்கதன்று.

மூன்றாவதாக, அடுக்கு என்ற கருத்துக்கே அடங்காத மண்களும் உண்டு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கோடையில் ஆழமாக வெடிக்கிறது. மழையில் ஊறி உப்புகிறது. அந்த நெருக்கத்தில் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, வரியோடிய பளபளப்பான முகங்களைப் பெறுகின்றன. மேல் கீழாகப் புரளும் இம்மண்ணுள் களிப்படலம் உண்டானாலும் நிலைப்பதரிது. ஆகவே வெர்டிசால் என்னும் இவ்வினத்தை வகுக்கும்போது, நூற்றுக்குக் குறைந்தது 30 பங்கு களி, பருவந்தோறும் திறந்து மூடும் வெடிப்பு, வழுக்கு முகம் என்று மண்ணின் இயக்கத்தையே லட்சணமாக ஏற்க நேர்ந்தது. கரிசலை அதன் வெடிப்பைக் கண்டே அறிந்து வந்த சம்சாரியின் பார்வைக்கும் விஞ்ஞானியின் பார்வைக்கும் இவ்விடத்தில் பேதம் மிகக் குறைவு.

பயிருக்கு வேண்டிய செய்தி பெரிதும் மேலடுக்கில் இருக்க, பெயரோ கீழடுக்கைப் பார்த்தே பல வேளைகளில் இடப்படுகிறது என்னும் குறையையும் மறுப்பதற்கில்லை. 1975-இல் மண்ணியல் அறிஞர் பியூவலும் அவருடைய சகாக்களும் வளத்திறன் பற்றிய தனிப் பாகுபாட்டை வகுக்க நேர்ந்ததும் இதனாலேதான்.

இத்தனை குறைகளையும் எடுத்துரைத்த பின்னும், பழைய வழிக்குத் திரும்புவதே நலம் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே சுட்டிய ஒவ்வொரு பிழையையும் இன்ன எண்ணில், இன்ன விதியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்ததே, இம்முறை தன் அளவுகளை ஒளிக்காமல் வெளியிட்டிருப்பதால்தான். காண்டிக் அடுக்கு பிறந்ததும் அந்த வெளிப்படைத் தன்மையின் பயனே. ஆதலின், இனப்பெயரோடு அப்பெயருக்கு ஆதாரமான அளவுகளையும், அரிப்பினால் இழந்த மேல்மண்ணின் கணக்கையும் சேர்த்து எழுதும் வழக்கத்தை அளவையாளர்கள் கட்டாய விதியாகக் கொள்வார்களானால், இம்முறையின் நன்மை நிலைக்கும்; அதன் தீமையும் பெரும்பகுதி அகலும்.