திருடர் நகரமா பாக்தாத்?

சென்ற கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் செஞ்சிக்கு வந்திருந்தபோது, நம் மருமகன் மூன்று படக் குறுந்தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ‘குலேபகாவலி’, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, ‘பாக்தாத் திருடன்’ என்பன அவை. இஷாத் தொழுகைக்குப் பின், நாளொன்றுக்கு ஒன்றாக மூன்று இரவுகள் வீட்டார் அனைவரும் கூடியமர்ந்து பார்த்தோம். மூன்றாம் இரவு படம் முடிந்ததும் ஒன்பது வயதுப் பேர்த்தி அருகில் வந்து, “நன்னா, பாக்தாத்தில் இருந்தவர்களெல்லாம் திருடர்கள்தாமா?” என்று கேட்டாள். உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. அவளுக்கு அன்று சொல்லாத விடையே இக்கட்டுரை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1980களில் நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் ஓட்டினார்கள். பந்தற்காலின் மறைவில் நின்று அலிபாபாவின் பாதியைப் பார்த்தோம். உஸ்தாத் அறிந்தால் என்னாகுமோ என்னும் அச்சத்தால் மறுபாதியைப் பாராமலே திரும்பினோம். பின்னர் ஆசிரியப் பணியேற்று, மேடைதோறும் இப்படங்களைக் கடிந்து பேசியதுமுண்டு. பாதி பார்த்த படத்தின்மீது முழுத் தீர்ப்பு வழங்கினோம்! சாட்சியத்தை முழுமையாகக் கேளாது தீர்ப்பளிக்கும் காழிக்கு உரிய குற்றம் நம்மையும் சாரும். அக்குறையைத் தீர்த்துக்கொள்ளவே இம்முறை மூன்றையும் முதலிலிருந்து இறுதிவரை பார்த்தோம்.

இம்மூன்றும் தொடர்கதைப் படங்கள் அல்ல. டி. ஆர். ராமண்ணாவின் ‘குலேபகாவலி’ 1955இலும், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்தின் ‘அலிபாபா’ 1956இலும், டி. பி. சுந்தரத்தின் ‘பாக்தாத் திருடன்’ 1960இலும் வெளிவந்தன. எனினும் நாயகர் ஒருவரே: எம்.ஜி.ஆர். தலைப்பாகையும் அங்கியும் வாளும் குதிரையும் ஒன்றே. ஏழைக்கு இரங்கும் வீரன், கொடுங்கோலன், அறிவுடைய பெண் என்னும் கதைமாந்தர் வரிசையும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலின் மூன்றையும் ஒரு முத்தொகுதியாகக் கொள்வதில் பிழையில்லை. தமிழ் மக்களுள் மிகப் பலர் முஸ்லிம் நாடு என்பதன் தோற்றத்தை மனத்தில் பதித்துக்கொண்டது இத்தகைய படங்களின் வாயிலாகவே என்பதையும் மறத்தற்கில்லை.

குலேபகாவலியை அரபு நாட்டுக் கதையென்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. ‘குல்’ என்பது மலரைக் குறிக்கும் பாரசீகச் சொல். பகாவலி என்பாளின் தோட்டத்து மலர், பார்வையிழந்த அரசனின் கண்ணைத் திறக்கும் என்பது கதை. இது இந்திய மண்ணிலே பாரசீக மொழியில் எழுதப்பெற்று, பின் உருதுவில் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் பண்டிதர் தயாசங்கர் நஸீம் இதனை ‘குல்ஸாரே நஸீம்’ என்னும் மஸ்னவியாகப் பாடினார். பரிகளும் முஸ்லிம் இளவரசனும் இந்திரன் சபையும் ஒரே கதையில் கூடிவாழ்கின்றனர். படத்தில் சூதாட்டமும் புலிச்சண்டையும் பிள்ளைகளைக் கட்டிப்போட்டன. ஆயினும் தந்தையின் கண்ணுக்காக மகன் காடுமலை கடக்கும் பரிவே கதையின் உயிர். பாடலும் கேலியும் மிகுந்து அப்பரிவை இடையிடையே மறக்கச் செய்கின்றன என்பதே நம் குறை.

மூன்றனுள் சிறந்தது அலிபாபாவே. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்னும் பெருமை அதற்குண்டு. நம் குறுந்தட்டில் அவ்வண்ணம் பெரிதும் வெளிறியிருந்தது. ஆனால் அதன் தகுதி வண்ணத்தில் இல்லை, மர்ஜியானாவிடம் இருக்கிறது. மூலக் கதையில் எண்ணெய்ச் சாடிகளில் திருடர் ஒளிந்திருப்பதைக் கண்டறிந்து வீட்டைக் காப்பவள் பணிப்பெண்ணாகிய இவளே. பானுமதி அம்மையார் அப்பாத்திரத்தின் மதிநுட்பத்தைப் பார்வையிலும் பேச்சிலும் குறைவறக் காட்டுகிறார். நாயகனின் வாளைவிட அவருடைய அறிவே நம் வீட்டுப் பெண்மக்களைக் கவர்ந்தது. பேராசையால் குகைக்குள் நுழைந்து, கதவைத் திறக்கும் சொல்லை மறந்து தவிக்கும் அண்ணன் காசிமாக, எம்.ஜி.ஆரின் உடன்பிறந்த அண்ணன் எம். ஜி. சக்கரபாணியே நடித்திருக்கிறார். அக்காட்சியை மட்டும் இருமுறை ஓட்டிப் பார்த்தோம். கொட்டகையில் இயலாத இவ்வசதியை வீட்டுத் தட்டு நமக்குத் தருகிறது.

அச்சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ‘சீசேம்’ என்று படத்தில் ஒலிப்பது ஆங்கிலத்தின் வழி வந்த வடிவம். அரபியில் அது ‘சிம்சிம்’, அதாவது எள். நம் அடுப்பங்கரையில் உள்ள எள்ளேதான்! “எள்ளே, திற” என்பதே அம்மந்திரம் என்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூலக் கதையில் காசிம் வேறு தானியங்களின் பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்க்கிறான். எள் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. பொன்னைக் கண்டவன் எள்ளை மறந்தான் என்பதினும் சிறந்த நீதியுரை வேறென்ன வேண்டும்?

இன்னொரு செய்தியும் வியப்புக்குரியது. ‘அல்ஃப் லைலா’வின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் அலிபாபா கதையே இல்லை. அலெப்போ நகரத்துக் கிறித்தவரான ஹன்னா தியாப் என்பார், 1709இல் பாரிஸில் அந்துவான் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞருக்கு வாய்மொழியாகக் கூறிய கதை அது. கலான் அதைத் தம் மொழியில் எழுதி நூலில் சேர்த்தார். முஸ்லிம்களின் நாடு இதுவென்று உலகம் நம்பும் அக்கதை, நம் நூல்களிலிருந்து வந்ததன்று. கேட்டு எழுதிய கதை. இதனை அறியாது படத்தைப் பழிப்பதும் பொருந்தாது. அதைக் கண்டு வரலாறென நம்புவதும் பொருந்தாது.

பாக்தாத் திருடன் மூன்றனுள் மெலிந்தது. அரசுரிமை இழந்து திருடரிடையே வளரும் இளவரசன் செல்வரிடம் பறித்து எளியோர்க்கு ஈகிறான். வாட்போரில் விறுவிறுப்பு உண்டு. வைஜயந்திமாலாவின் நடனத் திறன் உண்டு. ஆனால் ஊர் இல்லை. அரண்மனையும் சந்தையும் மறைவிடமுமே அங்கு பாக்தாத். கலீபா மன்சூர் 762இல் அடிக்கல் நாட்டிய நகரம், இமாம் அபூஹனீபா அடங்கியுள்ள நகரம், ‘பைத்துல் ஹிக்மா’ இலங்கிய நகரம், 1091இல் இமாம் கஸ்ஸாலி நிஸாமிய்யா மதரஸாவில் பாடஞ்சொல்ல வந்த நகரம் எங்கே என்று தேடினோம், காணவில்லை. உடையில் பிழை, ஸலாம் உரைப்பதில் பிழை என்று நம்மவர் அடுக்கும் குறைகள் சிறியவை. கற்றோர் நகரத்தைக் கள்வர் நகரமாக ஒரு குழந்தையின் மனத்தில் பதித்ததே பெருங்குறை.

ஆயினும் பழியை முழுவதும் படத்தின்மீது சுமத்துதல் தகுமா? பாக்தாத் வழித் திருடரைப் பற்றி நம்மிடமும் ஒரு கதை உண்டு. கல்வி கற்க பாக்தாத் நோக்கிப் புறப்பட்ட சிறுவர் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சட்டைக்குள் அன்னையார் நாற்பது பொற்காசுகளை வைத்துத் தைத்து, எந்நிலையிலும் உண்மையே பேசுமாறு பணித்தார். வழியில் கொள்ளையர் மறித்து, “உன்னிடம் என்ன உண்டு?” என வினவ, நாற்பது காசு உண்டென்று சிறுவர் உள்ளதை உரைத்தார். அவ்வாய்மை கண்டு தலைவன் மனந்திருந்தினான் என்பது வழிவழி வரும் வரலாறு. அங்கு நாற்பது திருடர். இங்கு நாற்பது காசு. அங்கு மந்திரச்சொல் பாறையைத் திறக்கிறது. இங்கு உண்மைச்சொல் நெஞ்சைத் திறக்கிறது. நம் பாட்டிமார் மடியில் வைத்துச் சொன்ன இக்கதையை நாம் நம் பேர்த்திக்குச் சொன்னோமா? இல்லை. சொல்லாத வீட்டில் திரைப்படம் சொல்லிற்று. கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் என வகைவகையாய்க் கதை வளர்த்த தமிழ் முஸ்லிம்கள், இன்று பிள்ளைகளுக்குக் கதை சொல்ல நேரமில்லை என்கிறோம்.

மற்றொன்றும் உண்டு. பாக்தாத் திருடன் வெளிவந்த அதே 1960இல், அதே எம்.ஜி.ஆர். தேசிங்காகவும் தாவூத்கானாகவும் இருவேடம் பூண்ட ‘ராஜா தேசிங்கு’வும் வெளிவந்தது. அது நம் ஊர்க் கதை. 1714இல் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாகானின் படையை எதிர்த்து இளைஞன் தேசிங்கு வீழ்ந்தான். அவனுக்காக உயிர் நீத்த தோழன் மகபத்கான் ஒரு முஸ்லிம். திருமணக் கோலத்திலிருந்தவன் நண்பனின் அழைப்புக்கு எழுந்து வந்தான் என்று கதைப்பாடல் கூறும். எதிர்த்து வந்தவரும் முஸ்லிம், உடன் நின்று மடிந்தவனும் முஸ்லிம். ஆதலால் இவ்வட்டார மக்கள் அப்போரை மதப்போராக ஒருநாளும் பாடவில்லை. தொலைவிலுள்ள கற்பனை பாக்தாத்தில் முஸ்லிமைத் தேடுவோர், பக்கத்துக் குதிரையில் வந்த இந்த முஸ்லிமை ஏன் மறக்கின்றனர்?

நான்காம் நாள் காலையில் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ ஏற்ற கோட்டை அது. 1717-18இல் சஆதத்துல்லாகான் எழுப்பிய பள்ளிவாசலின் நிழலில் அமர்ந்து முதலில் மகபத்கான் கதையையும், பின்னர் நாற்பது பொற்காசுக் கதையையும் சொன்னோம். பேர்த்தி நெடுநேரம் ராஜகிரியின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அந்தத் திருடன் அப்புறம் திருடவே இல்லையா, நன்னா?” என்றாள். இல்லை என்றோம். “அப்படியானால் அந்தப் படத்தை முதலில் எடுத்திருக்கலாமே!” என்றாள்.

எடுத்திருக்கலாம். எடுக்கும்வரை சொல்லவாவது செய்வோம். இப்படங்களை வீட்டில் போட்டுப் பார்ப்பதை நாம் இனித் தடுக்கப்போவதில்லை. பிள்ளைகளோடு உடனமர்ந்து பார்ப்போம். முடிந்தபின் விடியுமுன் நம் கதையையும் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.